மைக்கக்காவும் மஞ்சள் வரிசைகளும்

மைக்கக்காவின் முகம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர் யாருமில்லை. காய்கறிக் கடையில் நின்று, "தக்காளி என்ன விலைங்க?" என்று அவள் கேட்டால் போதும், முன்னால் நிற்பவர் சட்டென்று பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எந்தப் பஸ் வந்துவிட்டது என்று திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு குரல். பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்கும் டீக்கடைக்கும் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கூண்டு இருக்கிறது. உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக், பாதி வேகத்துக்கு மேல் சுற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு மின்விசிறி. எந்தப் பஸ் எந்த நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக இருக்கிறது என்று இருபது வருஷத்துக்கு மேலாக அங்கிருந்துதான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். கேட்டால், "பகல் பூரா பேசியாச்சு, மிச்சமில்ல" என்பாள். அவள் புருஷன் அச்சகத்தில் பைண்டர். "ஊர் ஜனத்துக்கெல்லாம் நேரம் தவறாம சொல்லுவா. எனக்குச் சாப்பாடு தயார்னு ஒரு நாள் சொன்னதில்ல. தட்டுச் சத்தத்தை வெச்சு நானா எந்திரிச்சு வரணும்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆனால் மனிதருக்கு அந்த அமைதி பிடித்துத்தான் இருந்தது. காகிதம் வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவருக்குப் பேசாத பெண்டாட்டி ஒரு வரம் அல்லவா.

பேச்சுக்குப் பதிலாக அவள் கையில் இருப்பது இரண்டு ஊசியும் ஒரு உல்லன் உருண்டையும். பின்னுவது தொப்பி மட்டும்தான். "ஸ்வெட்டர் பின்னி முடிக்கறதுக்குள்ள போடறவன் பெருத்துடுவான்" என்பது அவள் கட்சி. தலைக்கு அந்த வம்பு கிடையாது, வளர்ந்தது வளர்ந்ததுதான். இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னிக்கொண்டே போவாள். உச்சந்தலை வந்ததும் வரிசைக்கு வரிசை ஊசியில் கோத்த நூல் கண்ணிகளைக் குறைத்து, மிஞ்சியதைச் சுருக்குப் பை மாதிரி இழுத்து முடிச்சுப் போட்டு, பின்பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிடுவாள். அளவு பார்க்க அடுக்களையில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் வைத்திருந்தாள். அதைக் கவிழ்த்துத் தொப்பியை மாட்டிப் பார்ப்பாள். பைண்டர் தலையும் அந்தப் பாத்திரமும் ஒரே சுற்றளவு. "பாத்திரம் அசையாது, அரிக்குதுன்னு சொல்லாது. அதான் என்னைக் கழட்டி விட்டுட்டா" என்பார் அவர்.

ஒன்றையும் விற்றதில்லை. குளிர் தொடங்கிவிட்டால் பேருந்து நிலையத்தில் பஸ் கழுவுகிறவர், டீக்கடைக்காரர், விடிகாலை வண்டி எடுக்கும் டிரைவர்கள் என்று எல்லார் தலையிலும் அவள் கைவேலைதான். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனசுதான், ஆனால் கூடவே ஒரு கிறுக்கும் உண்டு. பின்னலில் ஒரே ஒரு கண்ணி திரும்பியிருந்தால் போதும், அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை, கொடுத்து முடித்த தொப்பி ஒன்றில் காதுக்கு மேலே ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டு நிற்பதைக் கூண்டுக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டாள். தொப்பி இருந்தது மூன்றாம் நடைமேடையில் நின்ற கண்டக்டர் தலையில். "மூன்றாம் நடைமேடையில் நிற்கும் நடத்துநர் உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டாள். ஏதோ புகார் போயிருக்கிறது என்று வெலவெலத்துப்போய் ஓடி வந்த மனிதரின் தலையிலிருந்து தொப்பியை உருவிக்கொண்டு, "திங்கக்கிழமை தரேன், போங்க" என்றாள். அன்று சாயங்காலமே அதை அடிவரை பிரித்துப் போட்டாள். அந்த வாரம் முழுக்க அவர் துண்டைக் கட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

வீடு, மேலும் கீழுமாக இரண்டு குடும்பம் இருக்கிற வீடு. கீழே மைக்கக்காவும் பைண்டரும். ஒரே பையன் வேறு ஊரில் வேலையாகிப் போய்விட்டான். மேலே பைண்டரின் தம்பியும் அவன் பெண்டாட்டியும். கொழுந்தனுக்கு நாற்காலி மேஜைகளுக்கு வார்னிஷ் அடிக்கிற வேலை. பட்டறையில் முடியாததை மொட்டைமாடிக்குத் தூக்கி வந்து அடிப்பான். அவன் பெண்டாட்டியை இந்த வீட்டில் எல்லாரும் சின்னவள் என்பார்கள். அவளுக்கும் நாற்பது ஆகிறது, ஆனாலும் சின்னவள்தான். மருந்துக் கடையில் வேலை. விடிந்தும் விடியாமலும் போய்க் கடையைத் திறப்பவள் அவள், மத்தியானம் வீடு திரும்பிவிடுவாள்.

மேல் வீட்டுக்குப் படி வெளியே தனியாக இருக்கிறது. ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் சுவிட்ச் கீழ் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வயரிங் செய்தவன் எந்த யோசனையில் வைத்தானோ தெரியாது. தினமும் மத்தியானம் சின்னவள் தன்னிடமிருக்கும் சாவியால் கீழ் வீட்டைத் திறந்து உள்ளே வந்து, மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பும்வரை நின்று, அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். இந்தச் சுவிட்சைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரகத்திகள் ஒத்துப்போன வீடு உலகத்தில் உண்டா என்று கேட்பார்கள். இந்த வீட்டில் ஒத்துத்தான் போனார்கள். மைக்கக்கா வேலை முடிந்து வந்து, ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் ஊசியோடு உட்கார்ந்ததும், மேலேயிருந்து சின்னவள் இரண்டு டம்ளர் டீயோடு இறங்கி வருவாள். எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். "இருமல் மருந்து வாங்கின ஆள் இன்னிக்குத் திரும்பி வந்தான்க்கா. என்ன, இருமல் நிக்கலையான்னா, இருமல் நின்னுடுச்சு, ஆனா ருசி நல்லாருக்கு, பெரிய பாட்டிலா குடுங்கங்கறான்." மைக்கக்கா சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். நாள் பூரா ஊரோடு பேசுகிறவளுக்குச் சிரிப்பதற்கு இருந்த இடம் அந்த ஜன்னலோரம் ஒன்றுதான். வேறு சிநேகிதம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாருமில்லை. தேவைப்பட்டதும் இல்லை.

ஒரு நாள் சின்னவள், "எனக்கும் கத்துக்குடுங்களேன்க்கா" என்று கேட்டாள்.

"உனக்கா? மாத்திரையை எண்ணிக் குடுக்கறதுக்கே பொறுமை இல்லாம அட்டையோட குடுக்கறவ நீ" என்றாள் மைக்கக்கா. கேலிக்குத்தான் சொன்னாள். சின்னவளும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள். அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் பேசுகிற வாய் பேசிக்கொண்டிருக்க, கண் மட்டும் எதிரே ஆடுகிற இரண்டு ஊசிகளின் மேலேயே இருக்கும். அதை மைக்கக்கா கவனிக்கவில்லை.

பிறகு அந்த மஞ்சள் தொப்பி. விடிகாலையில் ஸ்கூட்டரில் போய்க் கடை திறக்கிறாளே, காது வலிக்கிறது என்று சின்னவள் சொன்னாள். என்ன நிறம் வேண்டும் என்று மைக்கக்கா கேட்டாள். இதுவரை யாரிடமும் நிறம் கேட்டவள் அல்ல. கொடுத்ததைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சின்னவள், "மஞ்சள்க்கா. கண்ணைக் குத்தற மஞ்சள் இல்ல. பழைய புத்தகத்துல தாளோட ஓரம் இருக்குமே, அந்த மாதிரி" என்றாள். மைக்கக்கா பைண்டரிடம் சொல்லி அச்சகத்திலிருந்து ஒரு பழைய தாளைக் கொண்டுவரச் செய்து, அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் அந்த நிறத்தைப் பிடித்துவிட்டாள். பின்னி மாட்டிவிட்டபோது சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். அதைக் கழற்றாமலே மேலே ஏறிப் போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யார் கண் பட்டதோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைண்டரின் அத்தையும் அவர்கள் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன மைக்கக்கா, அங்கே வார்னிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் தொப்பியைப் பார்த்தாள். கொழுந்தன் அதில் பிரஷ்ஷைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான். பாதி நனைந்து, பழுப்பாகிக் கிடந்தது.

இறங்கி வந்தாள். சின்னவள் தட்டில் டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் வாய் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள், அதுவும் பேருந்து நிலையத்துக் குரலில்.

"கையால ஒண்ணு செஞ்சு குடுத்தா அதோட அருமை உனக்கு எங்கேர்ந்து தெரியும்? அம்மா வளர்த்திருந்தாதானே தெரியும்."

விவரம் தெரிவதற்கு முன்பே தாயைப் பறிகொடுத்தவள் சின்னவள். மாமா வீட்டில் கொஞ்ச நாள், ஹாஸ்டலில் மிச்ச நாள் என்று வளர்ந்தவள். இது மைக்கக்காவுக்குத் தெரியாததா? அந்த முக்காலியில் உட்கார்ந்து அவளே சொன்னதுதானே. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா. சின்னவள் எல்லாருக்கும் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள், காலித் தட்டை மேஜையில் வைத்தாள், மேலே போய்விட்டாள். இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

மறுநாள் காலையில் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். "அண்ணி, பழைய துணின்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டேன். அவ குளிச்சிட்டிருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி" என்றான். மைக்கக்கா தலையை மட்டும் ஆட்டினாள். தன் மேல்தான் தப்பு என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. மாடிப்படி ஏறி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஏறவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவர்கள் ஒரு ரகம். இவள், முயலுக்கு நாலு கால்தான் என்று தெரிந்த பிறகும் அதைச் சொல்ல வாய் வராத ரகம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தள்ளத் தள்ள அந்தப் படிக்கட்டு உயரமாகிக்கொண்டே போயிற்று.

சாயங்கால டீ நின்றது. முக்காலி சுவரோரம் போயிற்று. ஒருவர் வரும் நேரத்தில் இன்னொருவர் எதிரே படாமல் பார்த்துக்கொண்டார்கள். குளிர்காலம் முடிந்து, வெயில் வந்து, மறுபடி காற்று சில்லென்று மாறத் தொடங்கிய ஒரு நாள், பைண்டர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"தம்பி வேற வீடு பாத்துட்டானாம். பட்டறைக்குப் பக்கமாம். மாசக் கடைசியில போறாங்களாம்."

"சரி" என்றாள் மைக்கக்கா.

கழற்றிய சட்டையோடு அவர் அங்கேயே நின்றார். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் ஊசியைத் திருப்பி அடுத்த வரிசையைத் தொடங்கினாள். ஆனால் அன்றைக்குப் பின்னியதை மறுநாள் தொட்டுப் பார்த்தபோது, விரலை நுழைக்க முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தது. அவர்கள் போய்விட்டால் அந்த ஜன்னலோரம் என்ன ஆகும் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. போகக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அப்போது பின்னிக்கொண்டிருந்தது ஒரு சாம்பல் நிறத் தொப்பி, பஸ் கழுவுகிறவருக்கு. வேலைக்குப் போகும்போது ஒரு வரிசையைக் கடைசிவரை முடித்துத்தான் நாற்காலியில் வைத்துவிட்டுப் போவாள், நடுவில் விடமாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் வந்து எடுத்து முதல் கண்ணியில் ஊசியை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணிகள் எல்லாம் ஊசியின் மேல் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன, பஸ் முன்னால் போக, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பயணிகளைப் போல. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தான் விட்டுப்போன இடத்துக்கு மேல் இரண்டு வரிசை கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு கண்ணியும் கால் மேல் கால் போட்டுக்கொண்டு முறுக்கி நின்றது.

"ஏங்க, இதை நீங்க தொட்டீங்களா?"

பைண்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நானா? ஒரு தடவை அந்த ஊசியால முதுகு சொறிஞ்சதுக்கே ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே. எனக்கென்ன தலையெழுத்தா?"

அவர் இல்லை. பிரிப்பதற்காக மைக்கக்கா ஊசியை உருவப் போனாள். தப்பான கண்ணியைப் பார்த்த பிறகு அவள் கை சும்மா இருக்குமா. அப்போதுதான் உறைத்தது. சும்மா தெரியாமல் பின்னியிருந்தால் கண்ணிகள் கன்னாபின்னா என்று இருக்கும். இது அப்படி இல்லை. ஒன்று விடாமல் எல்லாம் ஒழுங்காக, ஒரே மாதிரி, அப்படியே இடம் வலமாக மாறியிருந்தன. இவள் வலது கையால் செய்வதை யாரோ இடது கையால் செய்திருக்கிறார்கள். இடக்கைக்காரர் யாரும் அந்த வீட்டில் கிடையாது. ஆனால் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட ஒருத்தி இருந்தால், அவளுக்கு இப்படித்தான் வரும். இப்படி மட்டும்தான் வரும்.

மைக்கக்கா சுவரோரம் கிடந்த முக்காலியைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கத்து மோட்டார் சுவிட்சைப் பார்த்தாள். உருவப் போன ஊசியை அப்படியே விட்டாள். திரும்பியிருந்த கண்ணிகளை நேராக்கக்கூட இல்லை. அவற்றின் மேலேயே தன் வரிசையைப் பின்னிக்கொண்டு போனாள். கண்டக்டர் தலையிலிருந்து தொப்பியை உருவின பெண் இவள்தானா என்று நீங்கள் கேட்கலாம். இவளேதான்.

மறுநாளும் இரண்டு வரிசை இருந்தது. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் மைக்கக்கா அலமாரியைக் குடைந்து, மிச்சம் இருந்த அந்தப் பழைய தாள் நிற மஞ்சள் நூலை எடுத்து, நாற்காலியில் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கூண்டுக்குள் அன்றைக்கு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புறப்பட்டுப் போன பஸ்ஸையே இரண்டாவது தடவை புறப்படச் சொன்னாள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வந்து பார்த்தாள். சாம்பலுக்கு மேல் மஞ்சளில் இரண்டு வரிசை, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னியது போல் இறுக்கமாக. மைக்கக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு நடந்தது ஒரு கூத்து. ஒரே வீட்டில் மேலும் கீழும் இருக்கிற இரண்டு பெண்கள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் வாயை மூடிக்கொண்டு, ஒரு தொப்பியில் வரிசை வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் சாம்பலில், அவள் மஞ்சளில். ஒரு நாள் மஞ்சள் வரிசை வரவில்லை. மைக்கக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல், கொழுந்தன்தான் வந்து மோட்டார் போட்டான் என்று பைண்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன பிறகுதான் எழுந்து போய்த் தட்டைக் கழுவிச் சோறு போட்டுக்கொண்டாள். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. பைண்டர் அல்லவா, பிரிந்ததை ஒட்டவைக்க எத்தனை நேரம் அழுத்தி வைக்க வேண்டும், எப்போது கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

இதற்கிடையில் தொப்பி உச்சந்தலை உயரத்துக்கு வந்துவிட்டது. இனிக் கண்ணிகளைக் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். குறைத்தால் சில நாளில் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் நாற்காலியில் வைத்துவிட்டுப் போக ஒன்றும் இருக்காது. மைக்கக்கா பாத்திரத்தைக் கவிழ்த்து அளவு பார்த்தாள், சரியாக இருந்தது. பாத்திரத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, ஒன்றையும் குறைக்காமல் நேராகப் பின்னிக்கொண்டே போனாள். மறுநாள் மத்தியானம் சின்னவளும் கேள்வி கேட்காமல் மஞ்சளை மேலே ஏற்றினாள். தொப்பி பாத்திரத்தைத் தாண்டிப் போயிற்று. குடத்தையும் தாண்டிப் போயிற்று.

பைண்டர் அதை நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "இது யாருக்கு? தலை எங்க முடியுதுன்னு அந்த ஆளுக்கே தெரியாது போலிருக்கே."

"வெச்சிடுங்க. வரிசை கழண்டுடும்."

"தலையணை உறைன்னு சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்" என்றார். போகிற போக்கில் திரும்பி, "நாளன்னிக்கு வேன் வருது. தம்பி சொல்லச் சொன்னான்" என்றார்.

மறுநாள் மைக்கக்கா யாரிடமோ கெஞ்சி மத்தியான டியூட்டியை மாற்றிக்கொண்டு, மோட்டார் போடுகிற நேரத்துக்கு வீட்டில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை வாரமும் அவள் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான், இதைச் செய்யத்தான் இத்தனை நாள். மேலே பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கொழுந்தன் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, சுத்தியல் சத்தம் விட்டு விட்டு வந்தது. நீளத் தொப்பியை மடியில் போட்டுக்கொண்டு, கையை ஊசியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணிகூடப் பின்னாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சாவி திரும்பியது. சின்னவள் உள்ளே வந்தாள். நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு நேராகப் போய் மோட்டாரைப் போட்டாள். அவள் கையில் பழுப்பு நிறத்தில் கொட்டாங்கச்சி போல ஏதோ இருந்தது, அதற்குள் துணி மாட்டுகிற கிளிப்புகள். கிளிப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு சாவியை எடுத்து, தன் கையிலிருந்த சாவியோடு சேர்த்து மேஜையில் வைத்தாள்.

"கீழ் வீட்டுச் சாவியும் மொட்டைமாடிச் சாவியும். நாளைக்குக் காலைல வேன் வந்துடும்" என்றாள், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

மைக்கக்கா வாயைத் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். இருபது வருஷமாக எத்தனை ஆயிரம் தடவை, இந்த வண்டி புறப்படுகிறது, அந்த வண்டி புறப்படுகிறது என்று சொல்லியிருப்பாள். யாரையும் போகாதே என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"போகாத" என்றாள்.

சின்னவள் திரும்பினாள்.

"போகாத. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார்னு மறுநாளே தெரியும். தெரிஞ்சும் மேல ஏறி வரல. தொப்பி கிடக்குது, அது போனா இன்னொண்ணு. உங்கம்மாவை இழுத்தேன் பாரு, அது..." மடியிலிருந்த நூலைப் பிடித்துக்கொண்டாள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் கையிலிருந்ததை மேஜைமேல் வைத்தாள். அப்போதுதான் மைக்கக்காவுக்கு அது என்னவென்று தெரிந்தது. வார்னிஷ் காய்ந்து ஓடாக இறுகிப்போன அந்த மஞ்சள் தொப்பி. ஓரத்தில் நனையாத இடத்தில் கொஞ்சம் மஞ்சள் இன்னும் இருந்தது.

"ஊற வெச்சுப் பாத்தேன், மண்ணெண்ணெயில துடைச்சும் பாத்தேன், போகல" என்றாள் சின்னவள். "நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லக்கா. எனக்கு யாரும் கையால எதுவும் செஞ்சு குடுத்ததில்ல. இதுதான் முதல். அதான் தூக்கிப் போட முடியல, கிளிப்பு போட்டு வெச்சிருக்கேன்."

மைக்கக்காவின் கண் நிறைந்துவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. துடைப்பதற்குக் கையில் கிடைத்தது அந்த நீளத் தொப்பிதான், அதில் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்குடி அந்த வரிசையெல்லாம் போட்டே?"

"மோட்டார் ஓடற வரைக்கும் சும்மா நிக்கணுமே. காலி நாற்காலியைப் பாத்துட்டு நிக்க முடியல. உக்காந்தேன். உக்காந்தா கை சும்மா இருக்கல. நீங்க பிரிச்சுடுவீங்கன்னு நெனச்சேன். மறுநாள் வந்து பாத்தா அப்படியே இருந்துச்சு" என்றாள். "அன்னிக்கு இங்க நின்னு அழுதேன். தொட்டி வழிஞ்சு போச்சு."

"எல்லாம் தலைகீழாப் போட்டிருக்கே."

"தெரியும்க்கா. வலது கையில மாத்திப் பாத்தேன், வரமாட்டேங்குது. இதான் பழகிப்போச்சு."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மைக்கக்கா.

சின்னவள் சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்து, பழைய இடத்தில், எதிரே போடப் போனாள்.

"அங்க வேணாம்" என்றாள் மைக்கக்கா. "எதிர்ல உக்காந்தது போதும். இங்க வா." பிரம்பு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் கை அகலத்துக்கு இடம் விட்டாள். இருவர் உட்காருகிற நாற்காலி இல்லை அது. சின்னவள் பாதி நாற்காலியிலும் பாதி அவள் மடியிலுமாக உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது. மைக்கக்கா ஊசியை அவள் பக்கம் நகர்த்தினாள், சின்னவள் இடது கையில் வாங்கிக்கொண்டு மஞ்சளில் முதல் கண்ணியைப் போட்டாள். ஒரு ஆள் இடக்கை, ஒரு ஆள் வலக்கை என்பதால் முழங்கை இடிக்காமல் சௌகரியமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தொட்டி நிரம்பி வழிந்து, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"யாராவது மோட்டாரை அணைங்களேன்" என்று மேலேயிருந்து கொழுந்தன் கத்தினான்.

சின்னவள் வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமல், மேலே கேட்கும்படி குரல் கொடுத்தாள். "வேன்காரனுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுங்க."

சுத்தியல் சத்தம் நின்றது. "ஏன், என்ன ஆச்சு?"

"தொப்பி இன்னும் முடியல."

கொழுந்தன் இறங்கி வந்து வாசலில் நின்றான். ஒரே நாற்காலியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இருவரையும், அவர்கள் மடியிலிருந்து தரைவரை கோடு கோடாக நீண்டு கிடந்த அந்த வஸ்துவையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து மோட்டாரை அணைத்துவிட்டு, பிரித்த கட்டிலைத் திரும்பப் பூட்டுவதற்கு மேலே ஏறிப் போனான்.